முதலில் எழுத்துக்கு இடம்: நெல்லையில் ஒரு காமிக்ஸ் போட்ட அனுபவம்

சொந்தமாகக் காமிக்ஸ் போட்டவர்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் படம் வரைவதைப் பற்றியே சொல்லியிருக்கிறார்கள். நான் எழுத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். எங்கள் 32 பக்கப் புத்தகத்தில் எந்தக் கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது அதுதான்.

நாங்கள் இரண்டு பேர். கதை என்னுடையது, சித்திரம் பாளையங்கோட்டை நண்பனுடையது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம், சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது திருவிழா. வில்லுப்பாட்டுக்கு வந்த பெரியவருக்கு நடுச்சாமத்தில் தொண்டை கட்டிவிடுகிறது. கூட வந்த பேத்தி மீதிக் கதையைப் பாடியாக வேண்டும். அவ்வளவுதான் கதை. சண்டை கிடையாது, மாய சக்தி கிடையாது.

பெரியவர் சீக்கிரமே பிடிபட்டுவிட்டார். முன்னால் வளைந்த முதுகு, தோளில் துண்டு, காதோரம் நரை. பேத்திதான் படுத்திவிட்டாள். முகம் அழகாக வந்தது, ஆனால் கூட்டத்தில் நிறுத்தினால் எந்தப் பிள்ளை என்றே தெரியவில்லை. கதை முழுக்க இரவில் நடக்கிறது, அச்சு ஒரே கறுப்பு மை. அதனால் முகத்தை நம்ப முடியாது. பாத்திரத்தை முழுக்க மையால் நிரப்பி, வெளிக்கோட்டை மட்டும் பார்த்து ஆளைச் சொல்ல முடிகிறதா என்று சோதிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதில் தேறும்வரை நண்பன் விடவில்லை. மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை, கையில் அவள் அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், வில்லை அடிக்கும் வீசுகோல் இரண்டு. இவை வந்த பிறகு எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அவள்தான் என்று தெரிந்தது. அதன் பிறகுதான் முன், பக்கவாட்டு, பின் தோற்றங்களையும், பாடும்போது வாய் எப்படித் திறக்கும் என்பதையும் ஒரே தாளில் வரைந்து சுவரில் ஒட்டினோம்.

சித்திரை மாதத்தில் கொடை பார்க்கப் போனோம். சாமியாடியைப் படம் எடுக்கலாமா என்று கேட்டோம், வேண்டாம் என்றார்கள். பென்சிலில் குறித்துக்கொண்டதை யாரும் தடுக்கவில்லை. சொல்லப்போனால் அதுதான் நல்லதாயிற்று. அரைக்கால் சட்டை மாதிரியான சல்லடம், குல்லாய், ஈட்டி மாதிரியான வல்லயம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்ததில், எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று அங்கேயே தெளிந்துவிட்டது.

அடுத்தது பக்க அமைப்பு. இங்கேதான் எங்களுக்குள் தகராறு. படத்தை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் வசனம் போடலாம் என்றான் நண்பன். எனக்கு அது ஒப்பவில்லை. தமிழில் நாம் படித்து வளர்ந்த காமிக்ஸ் பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள். 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ் என்று சிவகாசியிலிருந்து வந்தவற்றில் நிறைய வெளிநாட்டுச் சித்திரங்கள். வேறு மொழிக்காக ஏற்கெனவே வரைந்த பேச்சுக் குமிழுக்குள் நம் வசனத்தை அடைப்பது அவர்களுக்குத் தவிர்க்க முடியாத வேலை. நாமே வரையும்போது அந்தச் சிறையை நாமே ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்?

தீர்ப்புச் சொன்னவர் டவுனில் இருக்கும் ஒரு போர்டு எழுதும் அண்ணாச்சி. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது. கடைப் பலகை, லாரி நம்பர் என்று எப்போதாவது எழுதுகிறார். எங்கள் முதல் பக்கத்தின் பென்சில் படத்தைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நண்பனிடம் கேட்டார்: “படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எழுத்து எங்கவே உக்காரும்?” அப்புறம் ஒரு காகிதத்தில் ‘தூக்கி’ என்று எழுதிக் காட்டினார். ‘தூ’ கீழே இறங்குகிறது, ‘கி’ மேலே ஏறுகிறது. ஆங்கில காமிக்ஸில் பெரும்பாலும் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே உயரம், அதனால் வரிகளை நெருக்கி அடுக்க முடியும். தமிழில் அப்படி அடுக்கினால் மேல் வரியின் ‘ழு’வின் வாலும் கீழ் வரியின் ‘டீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளும். வரிக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். அப்படியென்றால் குமிழ் உயரமாகும். குமிழ் உயர்ந்தால் பாத்திரத்தின் தலை கீழே இறங்கியாக வேண்டும்.

அன்றிலிருந்து முறையை மாற்றினோம். கட்டம் போட்டதும் முதலில் வசனத்தைக் கையால் எழுதுவோம். அதைச் சுற்றிக் குமிழ் வரைவோம். மிச்ச இடத்தில்தான் ஆள். எங்கள் கணக்குப்படி ஒரு குமிழில் நான்கு வரி, மேலும் கீழும் சின்ன வரிகள், நடுவில் நீண்டது. ‘பாடிக்கொண்டிருந்தபோது’ மாதிரி ஒரு சொல் வந்தால் அது ஒரு வரியையே சாப்பிட்டுவிடும். பேச்சுத் தமிழ் அங்கே கைகொடுத்தது. ‘பாடயில’ என்றால் முடிந்தது. ஒற்றெழுத்து மட்டும் தனியாக அடுத்த வரிக்கு வரக்கூடாது என்பதில் அண்ணாச்சி கறாராக இருந்தார். பாதி வசனத்தை நான் வெட்டியது இந்தச் சமயத்தில்தான். கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல எடிட்டர் கிடையாது.

வசனம் முழுக்க அண்ணாச்சியின் கையெழுத்துதான். அட்டைக்கு மட்டும் கணினியில் தட்டினோம். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழ் எழுதுகிறவர்கள் அமைப்புகளில் வேர்ல்டு-ரெடி என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், அதில் இந்தத் தொல்லை இல்லை.

பக்கத்துக்கு ஆறு கட்டம் என்பது எங்கள் அடிப்படை. பாட்டு தொடங்கியதும் கட்டங்களின் கோடுகளை எடுத்துவிட்டோம். உடுக்கைச் சத்தம் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குள் நுழைந்து போகும். திடுக்கிட வைக்கும் காட்சி எதுவும் வலப்பக்கத்தில் வராது. தாளைத் திருப்பினால் தெரியும் இடப்பக்கத்தில்தான் வரும். சாமியாட்டத்தை 16, 17ஆம் பக்கங்களில் சேர்த்து ஒரே படமாக வைத்தோம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் அந்த இரண்டு பக்கமும் ஒரே தாளில் அச்சாகும், படம் மடிப்பில் விலகாது. வேறு எங்கே இரட்டைப் பக்கப் படம் வைத்தாலும் கொஞ்சம் பிசகும்.

அச்சுக்குச் சிவகாசி. ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்களைப் பாரம் என்பார்கள். ஒரு பாரம் 16 பக்கம், அதனால் 32 பக்கம் என்றால் சரியாக இரண்டு பாரம். 24 பக்கம் என்று போனால் ஒன்றரை பாரம். செலவு பெரிதாக மிச்சமாகாது என்றார்கள். உள்பக்கம் மேப்லித்தோ. அந்தக் காகிதம் மையைக் குடிக்கும். சாம்பல் நிழல் கொடுத்தால் புள்ளிகள் பெருத்துக் கறுத்துவிடும். அதனால் நிழலெல்லாம் கோடுகள்தான். உள்பக்கங்களைச் சாம்பல் நிறமே இல்லாத வெறும் கறுப்பு வெள்ளைக் கோப்பாக, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) அனுப்பினோம். ஓரத்தில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல் படம் விடுங்கள். வசனத்தை ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே வையுங்கள், ஏனென்றால் பின் அடித்து மடித்த புத்தகத்தில் நடுத் தாள்கள் வெளியே துருத்தி நிற்கும், வெட்டும்போது அவைதான் அதிகம் போகும்.

அட்டை நாலு கலர். முதல் மாதிரியில் தலைப்பைச் சுற்றி சிவப்பு நிழல் தட்டியது. கறுப்பு எழுத்து நான்கு மையிலும் கலந்து ஏறியிருந்ததுதான் காரணம். எழுத்தைக் கறுப்புத் தகட்டில் மட்டும் வைத்துத் திரும்ப அனுப்பச் சொன்னார்கள், சரியாகிவிட்டது. அவர்கள் மறக்காமல் கேட்கும் இன்னொன்று, “கர்வ் பண்ணிட்டீங்களா?” எழுத்துருவைக் கோடுகளாக மாற்றி அனுப்பினால் அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் உடையாது.

விற்பனை பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. கடைகள் விலையில் கேட்கும் கழிவைப் பார்த்தால் அழுகை வரும். நேரில் விற்றதுதான் கையில் நின்றது, அதிலும் அதிகம் வாங்கியவர்கள் காமிக்ஸ் ரசிகர்கள் இல்லை, கொடைக்குப் போகிற குடும்பங்கள். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் நம் நாட்டில் இலவசம். அதற்குக் காசு கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள்.

அடுத்த கதை தாமிரபரணி ஆற்றில் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூழ்கடிக்கும் நாட்களைப் பற்றியது. இந்தத் தடவை வசனம் எழுதிய வெற்றுக் கட்டங்கள் முதலில் அண்ணாச்சியிடமிருந்து வரும், அதன் மேல்தான் நண்பன் பென்சில் வைப்பான். எண்ணிக்கை குறைவாக டிஜிட்டலில் அச்சடித்த யாராவது இங்கே இருந்தால், கெட்டிக் கறுப்புப் பரப்பு எப்படி வருகிறது என்று சொல்லுங்கள். ஆற்றை இரவில் வரைய வேண்டியிருக்கிறது.