புதுப்பிப்பு: ஐரோலி பூநாரைப் படகுக்கு எந்த நேரம் சரி?

நவி மும்பை ஐரோலியில் வழிகாட்டியுடன் போகும் படகில் பூநாரைகளை (ஃபிளமிங்கோ) கிட்டத்தில் பார்க்க எந்த நேரத்துக்குப் பதிவு செய்யலாம் என்று பிப்ரவரியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விடியற்காலையே போங்கள் என்றவர்கள்தான் அதிகம். கடிகாரத்தை விடுங்கள், கடல் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள் என்றார் செம்பூர் அண்ணா ஒருவர். அவர் சொன்னதுதான் பலித்தது.

ஏற்றம் உச்சத்தில் இருந்தால் சேற்றுத்திட்டுகள் மூழ்கி, பறவைகள் மேய இடமின்றி விலகிவிடும். நீர் முழுதாக வற்றினால் படகு தரை தட்டும். உச்சம் கழிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில், சேறு தலைகாட்டும்போது, நீர்விளிம்பிலேயே கூட்டமாக மேய்ந்தன. ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் போனவர் சொன்ன நேரம் இந்த வாரம் உதவாது. மும்பை அட்டவணை தென் மும்பையின் அப்பல்லோ பந்தர் துறைக்கானது. தாணே கழியின் உள்ளே இருக்கும் ஐரோலிக்கு ஏற்றம் அதற்குப் பிறகே வந்து சேரும்.

எதிர்பாராத விஷயம்: 10 மடங்கு பைனாகுலர் எஞ்சின் அதிர்வில் நிற்கவே இல்லை. 8×42 (8 மடங்கு, 42 மி.மீ. வில்லை) போதும், தெளிவாகவும் இருக்கிறது. அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தால் சிறு பூநாரை. இளஞ்சிவப்பில் நுனி மட்டும் கறுப்பென்றால் பெரும் பூநாரை.

மும்பையின் சிவ்ரிக்குப் போகிறவர்களுக்கு: அது கழியின் மேற்குக் கரை, காலை வெயில் கண்ணில் அடிக்கும். பிற்பகல் ஏற்றம் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.