அலாய் வீலில் உரிக்கும் ரப்பர் ஸ்ப்ரே: அடித்தவர்கள், உரித்தவர்கள் அனுபவம்

வீல் நிறத்தை மாற்ற ஆசை இருக்கும், ஆனால் நிரந்தரமாக பெயிண்ட் அடிக்க மனசு வராது. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த ரப்பர் ஸ்ப்ரே நல்ல வழி. பிளாஸ்டி டிப் என்ற பெயரைப் பலரும் கேட்டிருப்பீர்கள். 1972-இல் அமெரிக்காவில் கைக்கருவிகளின் பிடியை முக்கியெடுக்க வந்த பொருள் அது; பிறகு ஸ்ப்ரே கேனாகி கார்க்காரர்கள் கைக்கு வந்தது. இன்று பல கம்பெனிகள் இதே வகையில் விற்கின்றன. நான் வெள்ளி நிற வீல்களை மேட் கறுப்பாக்கி, நன்றாக ஓட்டி, கடைசியில் உரித்தும் எடுத்துவிட்டேன். அதை வைத்துச் சொல்கிறேன்: அடிக்கும்போதே உரிக்கும் நாளை நினைத்து அடியுங்கள்.

காரணம் இதுதான். கரைப்பான் ஆவியானதும் வீல்மேல் மிஞ்சுவது மெல்லிய செயற்கை ரப்பர் தோல். பெயிண்ட் போல அது அடிப்பரப்போடு ஒன்றிவிடுவதில்லை, பற்றிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே. தோல் தடிமனாக இருந்தால் ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுக்க, ஆரஞ்சுத் தோல் மாதிரி பெரிய துண்டாக வரும். மெல்லியதாக இருந்தால் இழுத்த இடத்திலேயே அறுந்து, துணுக்கு துணுக்காகச் சுரண்ட வேண்டியதுதான். பார்வைக்கு மூன்று கோட்டிலேயே (கோட் என்றால் ஒருமுறை அடிக்கும் பூச்சு) நிறம் முழுசாக மூடிவிடும். பலர் அங்கேயே கேனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வீலுக்கு ஐந்து கோட்டுக்குக் குறையவே கூடாது. நான் ஆறுக்கு மேல் போனேன். ஸ்போக்கின் பக்கவாட்டிலும் உள் மூலைகளிலும் தோல் மெலிந்துபோகும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

முதல் கோட் பாதி தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும். அடுத்து வருவதற்குப் பிடிமானம் தருவது மட்டுமே அதன் வேலை. அதிலேயே முழுக்க மூடப் பார்த்தால் வழியும். பதினைந்து நிமிடம் போல இடைவெளி விட்டு, அடுத்தடுத்த கோட்டை ஈரம் மினுங்கும் அளவுக்கு அடிக்கலாம். கேன் வீலிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும். தள்ளிப் பிடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல் தூவியது போல விழும், தடவினால் சொரசொரக்கும். குளிரிலும் ஈரக்காற்றிலும் அடிக்க வேண்டாம், வெளுத்த படலம் படியும்.

டயரை மறைக்க டேப்போடு போராடாதீர்கள். சீட்டுக்கட்டை எடுத்து, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே வரிசையாகச் செருகுங்கள். டேப் ஒட்டிய இடங்களில் கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் எடுத்தால் தோலும் கூடவே வந்துவிடும்.

*

பதில்

அடிக்கும் முன் வீலைக் கழுவுவது பற்றி நான் சேர்க்கிறேன். பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கிறது. அது சூட்டோடு வீலில் பதிந்திருக்கும், சோப்பு நீருக்கு அசையாது. இரும்புத் தூசி நீக்கும் திரவத்தை அடித்து, ஊதா நிறமாக வடிந்தபின் கழுவி, கடைசியாக ஆல்கஹாலில் ஒருமுறை துடைத்தேன். டயருக்கு மினுமினுப்பு பூசும் பழக்கம் இருந்தால் ரிம் ஓரத்தை இன்னும் நன்றாகத் துடையுங்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் ரப்பர் ஒட்டாது, ஓரம் முதலில் அங்கேதான் கிளம்பும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. வீல் நட் உட்காரும் குழியிலும், வீலின் பின்புறம் ஹப்போடு (காரில் வீல் மாட்டப்படும் மையப் பாகம்) பொருந்தும் முகத்திலும் ரப்பர் படவே கூடாது. நட்டை இறுக்கும்போது இடையில் ரப்பர் இருந்தால் அது நசுங்கும். ஓட ஓட இறுக்கம் தளரும். வீல் கழலும் அபாயம் இது, அழகு சமாச்சாரம் இல்லை. அந்த இடங்களை மூடிவிட்டு அடியுங்கள். மாட்டும்போது டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். வீலைக் கழற்றாமல் அடிப்பவர்கள் பிரேக் டிஸ்க்கையும், அதைப் பிடிக்கும் காலிபரையும் மறைத்தே ஆக வேண்டும்.

*

பதில்

நான் அடித்தவன் இல்லை, உரித்தவன். வாங்கிய பழைய காரில் முன்னாள் உரிமையாளர் மிக மெல்லியதாக அடித்து வைத்திருந்தார். நகம், பிளாஸ்டிக் சுரண்டி எல்லாம் வைத்துப் பார்த்தும் பொட்டுப் பொட்டாகவே வந்தது. கடைசியில் கைகொடுத்தது விசித்திரமான வழி: அதன்மேலேயே புதிதாக இரண்டு மூன்று கோட் தடிமனாக அடிப்பது. புதிய கோட்டின் கரைப்பான் பழைய தோலை இளக்கி, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒருநாள் முழுக்கக் காயவிட்டு இழுத்தேன், அகலமான துண்டுகளாக வந்தது. மூலைகளில் மிஞ்சியதற்கு டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டுத் துணியால் தேய்த்தேன்.

கிளியர் கோட் (வீல் பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) ஏற்கெனவே உரிந்துகொண்டிருக்கும் வீலில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். என் வீல் ஒன்றில் ரப்பரோடு சேர்ந்து அதுவும் செதில் செதிலாக வந்தது. பிளாட்பாரத்தில் உரசிய காயத்தையும் இது நிரப்பாது, மேலே போர்த்தும், வடு தெரியும்.

*

பதில்

ஓட்டத்தில் கவனித்தவை. தினசரி ஓட்டத்தின் பிரேக் சூட்டை இது தாங்குகிறது. தயாரிப்பாளர் தரும் வரம்பு சுமார் 93 டிகிரி செல்சியஸ். மலைப்பாதையில் விடாமல் பிரேக் அழுத்துபவர்கள், பந்தயத்தடத்தில் ஓட்டுபவர்கள் இதை நம்ப வேண்டாம்.

பிரஷர் வாஷரை ஓரத்துக்கு அருகில் கொண்டுபோனால் தோல் கிளம்பும். மேட் பரப்பு பிரேக் தூசியைப் பிடித்துவைக்கும், ஆகையால் கொஞ்சம் அடிக்கடி கழுவ வேண்டிவரும். பெட்ரோல் பட்டால் கரையும். டயர் மாற்றப் போனால் முன்கூட்டியே சொல்லுங்கள், இயந்திரத்தின் பிடி ரிம் ஓரத்தைக் கிழித்துவிடும். பேலன்ஸ் செய்யும் ஒட்டு எடையை ரப்பர்மேல் ஒட்டவிடாதீர்கள். தோல் கிளம்பினால் எடையும் சேர்ந்து பறந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் உரித்து, வெறும் உலோகத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

கிழிந்த இடத்தில் தனியாக ஒட்டுப்போட்டால் விளிம்பு தெரியும். அந்த ஒரு வீலை முழுக்க உரித்து மறுபடி அடிப்பதே பார்க்க நன்றாக இருக்கிறது.

*

முதலில் எழுதியவர்

நட் குழி பற்றிச் சொன்னவருக்கு மிக்க நன்றி, அதை நானே முதலில் எழுதியிருக்கலாம். இன்னொன்றும் விட்டுப்போயிற்று: மூச்சு. இந்தக் கேன்களில் பெரும்பாலும் நாஃப்தா, டொலுயின் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. தலைசுற்றல் வரும், எளிதில் தீப்பிடிக்கும். மூடிய ஷெட்டுக்குள் அடிக்காதீர்கள். தூசிக்குப் போடும் துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். அருகில் அடுப்பு, சிகரெட், ஹீட்டர் எதுவும் வேண்டாம். அடித்து முடித்தபின் நான்கு மணி நேரம் தொடாமல் விடுங்கள், ஒரு நாள் தண்ணீர் படாமல் பாருங்கள்.