ஜவ்வாது மலை முகடுகளில் உள்ள கற்திட்டைகள்: இடக்குறிப்பைப் பொதுவில் போடலாமா?

மலைவழி:

பதினோரு ஆண்டுகளாக ஜவ்வாது மலையில் நடக்கிறேன். ஜமுனாமரத்தூரில் பேருந்தை விட்டு இறங்கி, ஏதாவது ஒரு ஊர்வரை ஒற்றையடிப் பாதையில் போய், எதிரில் தெரிகிற முகட்டில் ஏறுவேன். மேலே என்ன இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. சில முகடுகளில் வெறும் புல்லும் ஈச்சம்புதரும்தான். சிலவற்றில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றிய கற்திட்டைகள் வரிசையாக நிற்கும், பக்கக் கல் ஒன்றில் வட்டமான இடுதுளையோடு. ஊருக்கு ஊர் பெயர் மாறும். குள்ளர் வீடு என்பார்கள், பாண்டவர் வீடு என்பார்கள், வாலியர் வீடு என்பார்கள். எல்லாம் இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள்.

இதுவரை 63 இடங்களை ஜிபிஎஸ் குறிப்போடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அத்தனையையும் எல்லோரும் பார்க்கும்படி கூகுள் மேப்பில் ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு முகட்டுக்கு மூன்றாவது முறையாகப் போனேன். அடிவாரத்தில் நிலத்தைச் சமன் செய்தபோது, பழைய புதைகுழியைச் சுற்றி வட்டமாகக் கல் நட்ட ஒரு கல்வட்டத்தின் கற்களைப் பெயர்த்து வரப்பில் அடுக்கியிருந்தார்கள். அடுக்கியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது என்னவென்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. நான் உட்பட. என் நோட்டில் அந்த வட்டம் ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. நோட்டில் இருந்து என்ன பயன்?

கூகை:

தயவுசெய்து போடாதீர்கள். இதை வேண்டுதலாகவே எழுதுகிறேன்.

நான் பறவை பார்க்க மலைக்குப் போகிறவள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கற்திட்டையைப் படம் எடுத்து, எந்த ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து பேஸ்புக்கில் போட்டேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கோடையில் போனபோது மூடுகல் புரண்டு கிடந்தது. உள்ளே இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். குழியின் ஓரத்தில் எலுமிச்சம்பழமும் குங்குமமும். புதையல் தேடி வந்தவர்கள். அந்தக் காலத்துக் குழிகளில் எலும்பும் பானை ஓடும் இரும்புத் துண்டும்தான் கிடைக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? மூவாயிரம் ஆண்டு பழமை என்று நான் எழுதியிருந்தேன். அவர்கள் அதை மூவாயிரம் ஆண்டுப் பொன் என்று படித்திருக்கிறார்கள்.

அவர்கள் என் படத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதற்கு முன் எத்தனையோ தலைமுறையாக அந்தக் கல் அப்படியே இருந்தது.

மைப்படி:

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் நான் மலைவழி பக்கம்தான். ஓய்வு பெற்ற தமிழாசிரியன். முப்பது வருடமாகக் கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுத்து வருகிறேன், அதாவது கல்லின்மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் படியெடுப்பது.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிற செங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்து நடுகற்களைத் தொல்லியல் துறை ஊர் ஊராகப் போய்ப் படித்து 1972இல் நூலாக வெளியிட்டது. எடுத்தனூர்க் கல் ஒன்று போதும். மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுக்கு முன் செத்த ஒரு நாயின் பெயரை இன்று நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கண் விரித்துக் கேட்கிறார்கள். ஒருவர் போய்ப் படித்து, இந்த ஊரில் இன்ன கல் என்று அச்சில் ஏற்றியதால்தானே இது நடந்தது?

அப்புறம் ஜம்பை. திருக்கோவிலூர்ப் பக்கத்துச் சின்னக் குன்று. 1981இல் அந்தக் குகைப் பாறையில் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்று படித்தார்கள். அசோகன் கல்வெட்டில் வருகிற சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த கேள்விக்கு ஒற்றை வரியில் விடை கிடைத்தது: அதியமான் மரபினர். ஒரு குன்றில் ஏறிப் பார்த்ததில் வந்த விடை. மறைத்து வைத்தால் அடுத்து ஏறப்போகிறவர் யார்?

கூகை:

ஐயா, நீங்கள் சொன்ன இரண்டும் பயிற்சி பெற்றவர்கள் போய்ப் படித்தவை. துறையின் நூலும் யூடியூபில் 'யாரும் பார்க்காத மர்மக் குகை' என்று ஓடும் வீடியோவும் ஒன்றா? படித்தவர்கள் கையிலும் எல்லாம் பத்திரமாக இருந்துவிடவில்லை. நீலகிரி முகடுகளில் இருந்த ஈமக் கல்குவைகளை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் தோண்டினார்கள். அவர்களில் ஒருவரான பிரீக்ஸ் சேர்த்தவற்றில் ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்திலும் இன்னொரு பகுதி லண்டனிலும் இருக்கிறது. மலையில் குழிதான் மிச்சம்.

மைப்படி:

பிரீக்ஸ் தோண்டியதை நான் நியாயப்படுத்தவில்லை. அவர் எழுதிய நூல் 1873இல் வந்தது. எந்த மலையில் எது இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவது அப்படி எழுதி வைத்ததால்தான். எழுதாமல் தோண்டியவர்கள் எத்தனை பேரோ.

தென்பெண்ணை:

மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியை மறந்துவிட்டுப் பேசுகிறோம். தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைக் கோயில், வல்லூறு எல்லாம் இருக்கிற குன்றுகள். ஊர்க்காரர்களும் பறவை ஆர்வலர்களும் வரலாற்று ஆர்வலர்களும் வருடக்கணக்கில் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதியும் சேர்ந்திருப்பது தெரிந்ததும் ஊர் எழுந்தது. அடுத்த ஜனவரியில் ஏலம் ரத்து. அந்தக் குன்றுகளைப் பற்றி வெளியே ஒருவருக்கும் தெரியாமல் இருந்திருந்தால் அவ்வளவு பேர் கூட நின்றிருப்பார்களா?

சாமைக்காட்டான்:

இங்கே பேசுகிறவர்களில் நான் ஒருவன்தான் மலையில் பிறந்தவன் என்று நினைக்கிறேன். இப்போது திருப்பூரில் வேலை. ஊரில் அப்பாவும் பாட்டியும் சாமைக்காட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

தென்பெண்ணை அண்ணன் சொன்ன அரிட்டாபட்டியில் முதலில் எழுந்தது அந்த ஊர்தான், வெளியே இருந்து போனவர்கள் அல்ல. மலைவழி அண்ணா, உங்கள் 63 இடத்தில் எத்தனை ஊர்களில் கேட்டுவிட்டுக் குறித்தீர்கள்? எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற கல்வீடுகளுக்கு முன்னால் பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பாள். அது இரும்புக் காலமா வேறு காலமா என்பது அவளுக்கு வேண்டாம். யாரோ பெரியவர்கள் இருந்த இடம், அவ்வளவுதான். போன வருடம் பைக்கில் வந்த பையன்கள் அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்தார்கள். பாட்டி கத்தியது அவர்கள் காதில் விழவில்லை.

எங்கள் மலை சந்தனத்துக்குப் பெயர் போனது. திருப்பத்தூரில் அரசாங்கத்தின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. எந்த மேட்டில் எந்த மரம் வைரம் பாய்ந்து நிற்கிறது என்று தாத்தாவுக்குத் தெரியும், வெளியாளிடம் வாய் திறக்கமாட்டார். அப்படியும் எப்படியோ தெரிந்துகொண்டு வந்தார்கள், இரவோடு இரவாக வெட்டினார்கள். விசாரணை என்று வந்தபோது நின்றது எங்கள் ஆட்கள். இடம் வெளியே தெரிவது என்றால் எங்களுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

மைப்படி:

தம்பி, உங்கள் பாட்டி செருப்பைக் கழற்றுவது நான் எழுதியதை எல்லாம் விடப் பெரிய விஷயம். ஆனால் உங்கள் தலைமுறை திருப்பூரில் இருக்கிறது. பாட்டிக்குப் பிறகு அங்கே செருப்பைக் கழற்றப் போவது யார்?

சங்க இலக்கியத்தில் வரும் மலைபடுகடாம் உங்கள் மலைப்பக்கத்துப் பாட்டுத்தான். செங்கண்மாவில் இருந்த நன்னன் என்ற மன்னனிடம் பரிசு பெற்ற கூத்தன் ஒருவன், எதிரே வருகிற கூத்தனுக்கு வழி சொல்கிறான். செங்கண்மா இன்றைய செங்கம். அதில் வருகிற நவிரமலையைப் பர்வதமலை என்கிறார்கள். கிளைவழிகளில் பெயர் எழுதி நட்ட கற்கள் நிறைய உண்டு என்று அதிலேயே வருகிறது. அன்றைக்கே வழியை ஒருவருக்கொருவர் சொல்லித்தான் போயிருக்கிறார்கள். பூட்டி வைப்பது நம் வழக்கமல்ல.

கூகை:

ஐயா, அதே பாட்டில் அடுத்தடுத்து என்ன சொல்கிறான் என்றும் பாருங்கள். தினைப்புனத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு போ. யானையை விரட்டக் கவண்கல் வரும், மரத்தில் ஒதுங்கிப் போ. வழி தெரியாவிட்டால் கானவர் வந்து கூட்டிப்போவார்கள். போய் வந்தவன் நேரில் பார்த்த இன்னொருவனுக்கு, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறான். ஜிபிஎஸ் எண் அதில் எதையும் சொல்லாது.

காடு பற்றியும் ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம். 2024இல் அரசு நாற்பது பாதைகளைத் திறந்தபோதும் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் போட்டுத்தான் திறந்தது. மலைவழியின் வரைபடத்தில் இருக்கும் முகடுகளுக்குப் போகிறவர்களுடன் யார் நடக்கப்போகிறார்கள்?

தென்பெண்ணை:

பர்வதமலைக்குப் பௌர்ணமி அன்று போனவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும். கடப்பாறைப் படி ஏறும் இடத்தில் நெரிசலில் நின்றிருக்கிறேன், காலடி முழுக்கப் பிளாஸ்டிக் பாட்டில். இந்த இடத்தில் கூகை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

மலைவழி:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். சாமைக்காட்டான் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். 63இல் ஒன்றுக்குக்கூட ஊரில் நான் கேட்டதில்லை. தண்ணீர் கேட்டிருக்கிறேன், வழி கேட்டிருக்கிறேன். குறிக்கலாமா என்று கேட்டதில்லை.

ஆனாலும் நோட்டிலேயே வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கல்வட்டம் புதையல் திருடரால் போகவில்லை, தெரியாமையால் போனது. ஊருக்குள்ளும் சாலையோரத்திலும் நிற்கும் நடுகற்களைப் பொதுவில் போடுகிறேன். அவற்றுக்கு ஆபத்து சாலை அகலப்படுத்துவதில் இருந்துதான் வருகிறது, அதைத் தடுக்க நாலு பேருக்குத் தெரிய வேண்டும். காட்டு முகட்டில் இருப்பவற்றின் பட்டியலைத் தொல்லியல் துறைக்கு மட்டும் அனுப்புகிறேன். இது சரியா?

சாமைக்காட்டான்:

துறைக்கு அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் கிராம சபை. 2006 வன உரிமைச் சட்டத்தில், பழங்குடிகளின் பண்பாட்டு மரபையும் இயற்கை மரபையும் அழிவில் இருந்து காக்கும் அதிகாரம் கிராம சபைக்கு இருக்கிறது. அங்கே வந்து உங்கள் நோட்டைத் திறந்து காட்டுங்கள். கல்வட்டத்தைப் பெயர்த்தவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை.

கூகை:

இதற்கு நான் சம்மதம். ஆனால் நடுகல் படங்களிலும் பின்னால் தெரியும் முகட்டை வெட்டிவிட்டுப் போடுங்கள். அதை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மைப்படி:

எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சபையில் பேசி முடிவு வருவதற்குள் இன்னும் எத்தனை கல் வரப்புக்குப் போகுமோ என்ற பயம் போகவில்லை. ஆனால் கூட்டம் என்றைக்கு என்று சொல்லுங்கள். மைப்படிச் சாமான்களோடு வருகிறேன். ஒரு நடுகல்லை ஊரார் முன்னாலேயே படியெடுத்து, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வரலாம்.

சாமைக்காட்டான்:

சாமை அறுப்பு முடியட்டும் ஐயா, அப்போதுதான் ஆட்கள் ஊரில் இருப்பார்கள். நானும் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

மலைவழி அண்ணா, நீங்கள் தனிச்செய்தியில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். முப்பத்தெட்டாவது இடத்துக்குக் 'குள்ளர் வீடு' என்று போட்டிருக்கிறீர்கள். அது எங்கள் ஊர் முகடு. எங்கள் ஊரில் அதற்கு அந்தப் பெயர் கிடையாது, வேறு பெயர். இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். வரும்போது பாட்டியிடம் கேளுங்கள், சொல்வாள்.