கடைத்தெரு மறுசீரமைப்பு: மனு தயாரிக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் 2019 நவம்பரில் அகலமான நடைபாதைகளுடன் மாற்றித் திறக்கப்பட்டதைப் போல, எங்கள் கடைத்தெருவையும் நடப்பவர்களுக்கும் மிதிவண்டியில் செல்பவர்களுக்கும் பாதுகாப்பானதாக மாற்றக் கோரி மாநகராட்சியிடம் மனு அளிக்கவிருக்கிறோம். நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்பது சாலைகளுக்கான தரநெறிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் (IRC) அமைப்பின் நெறிமுறை; இங்கோ மின்மாற்றி ஒன்று நடுவில் நிற்க, அதைச் சுற்றிலும் பைக்குகள் நிறுத்தப்படுவதால், பள்ளிப் பிள்ளைகள் பேருந்துகளுக்கு இடையே சாலையில் இறங்கித்தான் நடக்கிறார்கள். மின்மாற்றியை இடம் மாற்றும் செலவை ஏற்க வேண்டியது மாநகராட்சியா, மின்வாரியமா? தரைக்கடைக்காரர்களை அப்புறப்படுத்தாமலேயே அவர்களுக்கும் இடம் ஒதுக்கிய தெரு வடிவமைப்பு வரைபடம் எவரிடமேனும் உள்ளதா? வண்டி நிறுத்துமிடம் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுகிறார்கள் (அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது என்றே கருதுகிறேன்). அவர்களிடம் பேசி இணங்க வைத்த அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.