எடை கூடுவது தீபாவளியாலா, தீபாவளிக்கு அப்புறமா?

திண்ணைக்காரன்:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று பெரிய சண்டை. இந்த வருஷம் யாரும் யாருக்கும் ஸ்வீட் பாக்ஸ் தர வேண்டாம், வீட்டில் பலகாரம் சுடவும் வேண்டாம், பழக்கூடை போதும் என்று தம்பி எழுதினான். போன வருஷம் பொங்கலுக்குள் அவனுக்குப் பெல்ட்டில் அடுத்த ஓட்டைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. பெரியவர்கள் கொதித்துவிட்டார்கள். நான் தம்பி கட்சி. அடியோடு நிறுத்தினால்தான் உண்டு. குறைத்துச் சாப்பிடுகிறேன் என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நெய்மணம்:
தீபாவளிக்குப் பழக்கூடையா? ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறீர்களா தம்பி? விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் ஒரு உருண்டை, அதன் மேல் ஒரு அதிரசம், அப்புறம் இட்லியும் கறிக்குழம்பும். வருஷத்தில் ஒரு நாள். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். எவ்வளவு தின்றாலும் ஒரே நாளில் அது நடக்காது. மறுநாள் மெஷினில் ஏறிவிட்டு அலறுகிறார்களே, அதில் பெரும்பங்கு தண்ணீர். சாப்பிட்ட மாவுச்சத்து உடம்பில் கிளைக்கோஜனாகத் தங்கும்போது கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். முறுக்கிலும் மிக்சரிலும் உள்ள உப்பு வேறு. நாலைந்து நாளில் தானாக இறங்கிவிடும்.

கணக்குப்பிள்ளை:
ஒரு நாள் என்றால் நானும் உங்கள் கட்சிதான் அக்கா. எந்த வீட்டில் அது ஒரு நாளோடு முடிகிறது? தீபாவளிக்கு முந்தின வாரமே ஆபீசில் டப்பா வர ஆரம்பித்துவிடும். அப்புறம் கார்த்திகைப் பொரி உருண்டை, கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டு, பொங்கல். 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 195 பேரைத் தொடர்ந்து எடை பார்த்தார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சராசரியாகக் கூடியது 0.37 கிலோ. அவர்களையே கேட்டபோது அதைவிடப் பல மடங்கு கூடியதாக நினைத்திருந்தார்கள்.

நெய்மணம்:
370 கிராம்! இதற்காகவா அதிரசத்தை நிறுத்தச் சொல்கிறீர்கள்? ஆய்வு என் பக்கம்தான் பேசுகிறது.

கணக்குப்பிள்ளை:
முழுதாகக் கேளுங்கள். கூடிய எடை அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. வருஷத்துக்கு 370 கிராம் அப்படியே தங்கினால் பத்து வருஷத்தில் மூன்றரை கிலோவுக்கு மேல். நமக்குக் கோடும் கீழே இருக்கிறது. உலக அளவில் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 25-ஐத் தொட்டால் அதிக எடை, 30-ஐத் தொட்டால் உடல் பருமன். இந்தியர்களுக்கு அது 23, 25 என்று மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். நம் ஊர் உடம்புவாகே அதுதான்.

வைகைக்கரை:
நீங்கள் எடையைப் பேசுகிறீர்கள், எனக்கு அப்பாவின் சர்க்கரைதான் கவலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய், இன்னொரு 15.3 சதவீதத்தினர் அதன் வாசலில். அதாவது பலகாரத் தட்டை நீட்டும் ஒவ்வொரு கூடத்திலும் ஒருவராவது இருப்பார். ஆனால் தட்டை நீட்டுபவர்கள் சொல்வது என்ன? "ஒண்ணே ஒண்ணு மாமா, ஒண்ணும் ஆகாது, ராத்திரி மாத்திரையைக் கூடப் போட்டுக்கங்க." டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழவும் வாய்ப்பிருக்கிறது. இது யாருக்கும் உறைப்பதில்லை.

அப்புறம் "இது வெல்லம்தானே, இது சுகர் ஃப்ரீதானே." வெல்லத்தில் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். சுகர் ஃப்ரீ இனிப்பில் சர்க்கரையை எடுத்தார்கள், நெய்யை எடுத்தார்களா? கிராமுக்கு ஒன்பது கலோரி அதில் அப்படியே இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் அப்பா இரண்டாகச் சாப்பிடுகிறார்.

திண்ணைக்காரன்:
அதனால்தான் சொல்கிறேன், வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

வைகைக்கரை:
அண்ணே, நாங்கள் ஒரு வருஷம் அப்படித்தான் செய்தோம். அப்பா பேப்பர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து ஜாங்கிரி சாப்பிட்டார். வீட்டில் சாப்பிட்டால் கணக்காவது தெரியும்.

கணக்குப்பிள்ளை:
தடை வேண்டாம், எடை பாருங்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 272 பேரைக் கொண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு சோதனை நடந்தது, 2018-இல் வெளியானது. ஒரு குழுவிடம் வாரம் இரண்டு முறையாவது எடை பார்த்துக் குறிக்கச் சொன்னார்கள். சில யோசனைகளும், எந்தத் தீனிக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்ற பட்டியலும் கொடுத்தார்கள். மற்றக் குழுவோடு ஒப்பிட்டால் அவர்கள் அரை கிலோ குறைவாக முடித்தார்கள். 40 கிராம் மைசூர்பாகு சுமார் 200 கலோரி. எடை குறிக்கும் பழக்கம் இருந்தால் மூன்றாவது துண்டுக்குப் போகும் கை கொஞ்சம் யோசிக்கும்.

நெய்மணம்:
வயசுப்பெண் இருக்கிற வீட்டில் அந்த மெஷினைக் கொண்டுபோய்க் கூடத்தில் வையுங்கள், தெரியும். வருகிற சித்தி, அத்தை எல்லோரும் உள்ளே நுழையும்போதே "என்னடி இப்படி ஊதிட்டே" என்பார்கள். சொன்ன கையோடு தட்டில் ரெண்டு லட்டையும் வைப்பார்கள். அந்தப் பிள்ளை மறுநாள் பட்டினி கிடக்கும், அதற்கடுத்த நாள் சேர்த்து வைத்துச் சாப்பிடும். வைகைக்கரை அப்பாவுக்கு வேண்டுமானால் உங்கள் நோட்டுப்புத்தகம் சரி. எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள்.

அடுப்படி:
இவ்வளவு பேசுகிறீர்கள், எவ்வளவு சுடுகிறோம் என்பதை யாரும் பேசவில்லை. என் மாமியார் கூட்டுக் குடும்பத்துக்குச் சுட்ட காலத்தில் முறுக்குக்கு நாலு படி அரிசி. டின்னில் போட்டு வைத்தால் பிள்ளைகளே நாலு நாளில் காலி செய்துவிடுவார்கள். இன்று வீட்டில் மூன்று பேர், படி மட்டும் குறையவில்லை. "கைப்பழக்கம், குறைச்சுப் போட வராது" என்கிறார். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தால் அதே அளவு அங்கிருந்து திரும்பி வருகிறது. மிச்சம் டைனிங் டேபிளிலேயே உட்கார்ந்திருக்கும். டீ குடிக்கும்போது ஒன்று, டிவி பார்க்கும்போது ஒன்று. யாருமே உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவிருக்காது, டின் மட்டும் காலியாகியிருக்கும். சுட்டு மிஞ்சிய எண்ணெயை வீணாக்க மனசு வராமல் தாளிப்புக்கு ஊற்றுவது தனிக்கதை.

திண்ணைக்காரர் தம்பி மல்லுக்கட்ட வேண்டியது அளவோடுதான். ஒரு படி போடச் சொல்லுங்கள். எடுத்துச் சாப்பிட டின் வேண்டாம், தட்டில் வைத்துக் கொடுங்கள்.

திண்ணைக்காரன்:
படியைக் குறைக்கச் சொன்னால் அம்மா கேட்பாரா என்று தெரியவில்லை. பழக்கூடையைவிட அடி குறைவாக விழும் என்று நினைக்கிறேன். இன்று இரவு குழுவில் போட்டுப் பார்க்கிறேன்.

நெய்மணம்:
முறுக்கை எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள். அதிரசத்தில் கை வைக்காதீர்கள். கொஞ்சமாக வெல்லம் போட்டால் பாகு பதத்தில் நிற்காது, திரும்பிப் பார்ப்பதற்குள் முறுகிவிடும்.

அடுப்படி:
மாவை மொத்தமாகக் கிளறி வைத்துக்கொண்டு, வேண்டும்போது நாலு நாலாகத் தட்டிச் சுடலாமே அக்கா. மாவு கெடாது.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் அதிரசம் தை வரைக்கும் ஓடும்!