மாம்பழ நிறைக்கு டி-டெஸ்ட் போட்டிருக்கன், சரியோ?

நிலாவெளி_வளவு:
வணக்கம். நிலாவெளியில எங்கட வளவுக்குள்ள பத்து கறுத்தக்கொழும்பான் மாமரம் நிக்குது, அஞ்சு வரிசை, வரிசைக்கு ரெண்டு மரம். வரிசைக்கு ஒரு மரத்துக்கு மட்டும் வழமையான எருவோட எம்ஓபி எண்ட பொட்டாசியம் உரமும் கூட்டிப் போட்டன். ஆய்ஞ்ச நேரம் மரத்துக்கு 20 பழம் எண்டு நிறுத்து, இந்தப் பக்கம் 100 அந்தப் பக்கம் 100 எண்டு எக்செல்ல டி-டெஸ்ட் (ரெண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலோ எண்டு பாக்கிற கணக்கு) போட்டா பி-வேல்யு (உரத்தால ஒண்டும் மாறாட்டியும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வாற வாய்ப்பு) 0.003 வருது. சராசரி போட்டதுக்கு 407 கிராம், போடாததுக்கு 383. அப்ப எல்லா மரத்துக்கும் போடலாமோ? உரம் விக்கிற விலைக்கு கேக்காம செய்யப் பயமா இருக்கு.

மூதூர்க்காரன்:
தம்பி அவசரப்படாதீங்க. நீங்க உரம் போட்டது மரத்துக்கு, பழத்துக்கில்ல. ஒரு மரத்து 20 பழமும் ஒரே வேர் ஒரே தண்ணியில வந்ததுகள், அது 20 தனி சாட்சி ஆகாது. உங்கட சாம்பிள் 100 இல்ல, பக்கத்துக்கு 5. அந்த 0.003ஐ மறந்திடுங்க. மரத்துக்கு ஒரு சராசரி எடுத்துத் திரும்பப் போட்டுப் பாருங்க.

நிலாவெளி_வளவு:
போட்டன் அண்ணை. உரம் போட்டது 412, 388, 450, 365, 420. போடாதது 390, 372, 405, 350, 398. டி (வித்தியாசம் அதின்ர தடுமாற்றத்தைப் போல எத்தனை மடங்கு எண்டது) 1.37, பி 0.2க்குக் கிட்ட. மனசு விட்டுப் போச்சு.

உப்புவெளி_கணக்கு:
கொஞ்சம் நில்லுங்க, ரெண்டு கூட்டத்தையும் தனித்தனியா வச்செல்லோ போட்டிருக்கிறீங்க. நீங்க செஞ்சது சோடி சோடியா, அப்ப டெஸ்ட்டும் சோடிக்கான டெஸ்ட்டாத்தான் இருக்க வேணும், எக்செல்ல டி.டெஸ்ட் ஃபார்முலாவில கடைசி இலக்கத்தை 1 ஆக்குங்க. வரிசைக்குள்ள வித்தியாசம் 22, 16, 45, 15, 22, சராசரி 24. டி 4.40 வரும், அட்டவணையில 4 டிகிரி ஒஃப் ஃப்ரீடத்துக்கு (அஞ்சு சோடியில ஒண்டு குறைச்சது) 5 வீதத்தில (பி 0.05க்குக் கீழ வர) 2.776 தாண்டினாப் போதும். ஏன் இப்பிடி மாறுது எண்டா உங்கட நாலாம் வரிசை ரெண்டு மரமும் சின்னன், மூண்டாம் வரிசை ரெண்டும் பெருசு, அந்த வரிசை வித்தியாசம் முழுக்க முந்தி நீங்க போட்ட கணக்கில இரைச்சலாப் போய்ச் சேந்தது, சோடி பிடிச்சவுடன அது கழிஞ்சு போகுது. ஆனா சோடி உரம் போட முதலே தீர்மானிச்சதா இருக்க வேணும், நிறுத்த பிறகு ஒத்துவாற மரமாப் பாத்துச் சேக்கப்படாது. 5 மரம் எண்டு குறைவா நினைக்காதீங்க, 1908ல கின்னஸ் பியர் கொம்பனியில வேலை செஞ்ச கோசெட் "ஸ்டூடண்ட்" எண்ட பேரில இந்த டெஸ்ட்ட எழுதினதே சின்ன சாம்பிளுக்காகத்தான்.

மூதூர்க்காரன்:
அது சரி. ஆனா வரிசையில எந்த மரத்துக்குப் போட்டீங்க? எப்பிடித் தெரிஞ்சீங்க?

நிலாவெளி_வளவு:
அஞ்சிலயும் கிணத்துப் பக்க மரத்துக்குத்தான் அண்ணை, எரு தூக்க லேசெண்டு.

மூதூர்க்காரன்:
அப்ப அந்த 24 கிராம் எம்ஓபியால வந்ததோ தண்ணியால வந்ததோ எண்டு எந்த டெஸ்ட்டும் பிரிச்சுச் சொல்லாது. இந்த முறை வரிசைக்கு வரிசை காசு சுண்டிப் பாத்துப் போடுங்க. பழத்த எண்ணியும் வையுங்க, காய் குறைஞ்ச மரத்தில பழம் தானாப் பெருக்கும், நிறையை மட்டும் பாத்தா ஏமாந்து போவீங்க. சந்தைக்குப் போறது மொத்தக் கிலோதானே, உரக்காசு அதிலதான் திரும்ப வர வேணும்.

நிலாவெளி_வளவு:
சரி அண்ணை. மரத்துக்கெல்லாம் இலக்கம் எழுதி தகரம் கட்டப்போறன், நாளைக்குக் காசு சுண்டுறது மகள்ட வேலை.