எச்.ஓ.ஏ.வ (வீட்டு உரிமையாளர் சங்கத்த) நாமளே பாத்துக்கறதா, மேனேஜ்மென்ட் கம்பெனிகிட்ட குடுக்கறதா – நாங்க ரெண்டுலயும் பட்டது

இருபத்தாறுல ஒண்ணு:

கலிஃபோர்னியால 26 டவுன்ஹவுஸ் இருக்கற சின்ன எச்.ஓ.ஏ. எங்களுது. நான் போர்டுக்குள்ள, அதாவது நிர்வாகக் குழுவுக்குள்ள, வந்ததே தனிக்கதை, 2022 ஆரம்பத்துல ஆன்யுவல் மீட்டிங், ட்ரெஷரர் யாருன்னு கேட்டாங்க, ஒருத்தரும் வாய் திறக்கல, நான் தலைய சொறியக் கைய தூக்கினேன், பேர எழுதிட்டாங்க. இப்ப இறங்கற நேரம், அடுத்து மாட்டப்போற யாருக்காவது ஆகும்னு எழுதறேன்.

அதுக்கு முன்னாடி ஒம்போது வருஷம் கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது, நாங்களேதான் பாத்துக்கிட்டோம். நாங்கன்னா ஒரே ஒரு ரிட்டயர்டு பெரியவர். மாசாமாசம் செக் வாங்கி பேங்க்ல போடறது, தோட்டக்காரருக்கு பணம் குடுக்கறது, கேட் மாட்டிக்கிட்டா ராத்திரி டார்ச்சோட போய் நிக்கறது எல்லாம் அவர்தான். ஒரு டாலர் அந்தப்பக்கம் இந்தப்பக்கம் போனதில்ல. அவருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி அஞ்சு வாரம் படுத்துட்டார், பேங்க் பாஸ்வேர்டு வேற யாருக்கும் தெரியாது, அதே சமயம் பாத்து மாஸ்டர் இன்ஷூரன்ஸ் ரினியூவல் லெட்டர் அவர் வீட்டு மெயில்பாக்ஸ்ல தூங்கிட்டிருக்கு. 11 நாள் 26 வீட்டுக்கும் பொது இன்ஷூரன்ஸ் இல்ல. ரீஃபைனான்ஸ் பண்ணப்போன ஒருத்தர்கிட்ட பேங்க்ல சர்டிஃபிகேட் கேட்டாங்க பாருங்க, அப்பதான் விஷயமே வெளிய வந்துச்சு.

பயந்துட்டோம். பயத்துல எடுத்த முடிவுதான் கம்பெனி. மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினோம், வீட்டுக்கு மாசம் 19 டாலர்னு சொன்னவங்க கம்மியா இருந்தாங்க, கையெழுத்து போட்டாச்சு. காண்ட்ராக்ட் 14 பக்கம், நாங்க படிச்சது முதல் பக்கமும் கையெழுத்து போடற பக்கமும். நடுவுல கட்டண அட்டவணைன்னு ரெண்டு பக்கம் இருந்திருக்கு, அதுதான் உண்மையான காண்ட்ராக்ட். முதல் மாச பில்ல பாத்து நான் சிரிச்சேன், மூணாவது மாச பில்லுக்கு சிரிப்பு வரல. நோட்டீஸ் பிரிண்ட் எடுத்ததுக்கு பக்கத்துக்கு இவ்ளோ, ஸ்டாம்ப் ஒட்டினதுக்கு தனி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மீட்டிங் போனா மணிக்கணக்குல சார்ஜ் (வேலைக்குப் போறவன் வேற எப்ப மீட்டிங் வைப்பான்?), ப்ளம்பர் பில்லுக்கு மேல பத்து சதவீதம் "ஒருங்கிணைப்பு" கட்டணம். 19 டாலர்னு ஆரம்பிச்சது எல்லாம் சேத்து வருஷக் கடைசில வீட்டுக்கு 31 கிட்ட வந்து நின்னுச்சு.

காசு கூட பரவால்ல. ரெண்டு வருஷத்துல நாலு மேனேஜர் மாறினாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் அஞ்சாவது பிளாக் பின்னாடி தண்ணி தேங்கற கதைய முதல்லேர்ந்து சொல்லணும். மூணாவதா வந்த பொண்ணு நல்ல பொண்ணு, பாவம், ஒரு நாள் போன்ல அவங்களே சொல்லிட்டாங்க, என் தலையில 17 கம்யூனிட்டி இருக்குன்னு.

ஆனா முக்கியமான தப்பு எங்களுது, அத மறைக்க விரும்பல. மாசம் 20ம் தேதி 40 சொச்சம் பக்கத்துல கணக்கு பி.டி.எஃப். வரும். பேங்க் ஸ்டேட்மென்ட், ரிசர்வ் (பெரிய ரிப்பேருக்குன்னு சேத்து வெக்கற பணம்) இருப்பு, செக் பட்டியல் எல்லாத்தயும் போர்டு மாசாமாசம் பாக்கணும்னு டேவிஸ்-ஸ்டர்லிங்கற கலிஃபோர்னியா எச்.ஓ.ஏ. சட்டத்துலயே இருக்கு, கம்பெனி வெச்சிருந்தாலும் அந்தப் பொறுப்பு போர்டுதுதான். நாங்க திறக்கவே இல்ல, மினிட்ஸ்ல மட்டும் "பார்வையிடப்பட்டது". ஒரு நாள் தூக்கம் வராம திறந்து பாக்கறேன், ரிசர்வ்லேர்ந்து 22,000 டாலர் எடுத்து இன்ஷூரன்ஸ் ப்ரீமியம் கட்டியிருக்காங்க. ரிசர்வ்ல கை வைக்க ரெண்டு டைரக்டர் கையெழுத்து வேணும், கடனா எடுத்தாலும் மீட்டிங்ல சொல்லி ஒரு வருஷத்துக்குள்ள திருப்பிப் போடணும். நான் கொதிச்சுப்போய் மெயில் அனுப்பறேன், பதிலா ஒரு பேப்பர் வருது, அதுல என் கையெழுத்தும் பிரசிடென்ட் கையெழுத்தும் பளிச்சுனு இருக்கு. பத்து பேப்பர் ஒண்ணா டிஜிட்டல் கையெழுத்துக்கு வந்தப்ப எல்லாத்தயும் கிளிக் கிளிக்னு தட்டிவிட்டிருக்கோம். அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் எதுவும் பேசல.

வெளிய வரலாம்னா காண்ட்ராக்ட் முடியறதுக்கு 60 நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும், இல்லன்னா தானா இன்னொரு வருஷம். முதல் வருஷம் 12 நாள்ல கோட்ட விட்டோம். அடுத்த வருஷம் போன்ல அலாரம் வெச்சு குடுத்தேன். போகும்போது ஒம்போது அட்டப்பெட்டிய என் கராஜ் வாசல்ல இறக்கிட்டுப் போனாங்க. யார் யார் எவ்ளோ பாக்கிங்கற லெட்ஜர ஃபைலா குடுக்காம பிரிண்ட் எடுத்துக் குடுத்தாங்க, நானும் என் மனைவியும் ரெண்டு வீக்எண்ட் உக்காந்து டைப் அடிச்சோம்.

2024லேர்ந்து கணக்கு மட்டும் வெளிய ஒரு கம்பெனிகிட்ட. மாசப்பணம் வசூல், பில் பேமெண்ட், மாசக் கணக்கு, வீடு விக்கறவங்களுக்கு பேப்பர், இவ்ளோதான் அவங்க வேலை, வீட்டுக்கு 9 டாலர். பேங்க் அக்கவுண்ட் எச்.ஓ.ஏ. பேர்ல, போர்டுல எங்க அஞ்சு பேர்ல மூணு பேருக்கு லாகின். தோட்டம், ப்ளம்பர், கூரை எல்லாம் போர்டு நேரா பேசுது. எனக்கு மாசம் ஆறேழு மணி நேரம் ஆகுது. அந்தக் கம்பெனில எங்க கணக்க பாக்கற அம்மாதான் வந்த புதுசுல கேட்டாங்க, பால்கனி இன்ஸ்பெக்ஷன் ஆச்சான்னு. முழிச்சோம். 2015ல பெர்க்லில பால்கனி இடிஞ்சு ஆறு மாணவர்கள் செத்தாங்கல்ல, அதுக்கப்புறம் வந்த எஸ்.பி. 326 சட்டம், ஒரே கட்டடத்துல மூணு வீடோ அதுக்கு மேலயோ இருந்தா மரத்துல நிக்கற பால்கனிய 2025 ஜனவரி 1க்குள்ள முதல் தடவ சோதிச்சிருக்கணும், அப்புறம் ஒம்போது வருஷத்துக்கு ஒரு தடவ. ஃபுல் சர்வீஸ்னு ரெண்டு வருஷம் காசு வாங்கினவங்க இத ஒரு வார்த்த சொல்லல. ரெண்டு பால்கனில உள்ள மரம் இத்துப்போய் இருந்துச்சு, விரலால குத்தினா ஈரமான ரஸ்க் மாதிரி உதிருது.

கணக்குப்புள்ள:

அண்ணா அந்த கையெழுத்து மேட்டர் அப்படியே எங்க கதை, நாங்க ஆறு மாசம் கழிச்சு கண்டுபிடிச்சோம். நான் தொழில்ல அக்கவுண்டன்ட், அதனாலயே எங்க 40 வீட்டு போர்டுல என்ன பிடிச்சு போட்டாங்க. நாங்க முழுசா நாங்களேதான் பாக்கறோம், நல்லாதான் போகுது, ஆனா நான் வர்றதுக்கு முன்னாடி இருந்தவர் மூணு வருஷம் டேக்ஸ் ரிட்டர்னே போடல. லாபம் இல்லாத அமைப்புதானே எதுக்குன்னு கேட்டாராம். எச்.ஓ.ஏ.வுக்குன்னு இருக்கற 1120-எச் வரி ஃபார்ம் போடணும், ரிசர்வ் பணத்துக்கு வர்ற வட்டிக்கு வரி இருக்கு, அதுவும் 30 சதவீதம். பெனால்டி கட்டி முடிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. கலிஃபோர்னியால வருஷ வருமானம் 75,000 டாலர தாண்டினா சி.பி.ஏ. (லைசென்ஸ் வாங்கின அக்கவுண்டன்ட்) ஒருத்தர் கணக்க ரிவ்யூ பண்ணணும், அதையும் பண்ணல. நாமளே பாத்துக்கறதுன்னா காசு மிச்சம்னு நினைக்கறவங்க இதையும் கூட்டிக்குங்க.

ஃப்ளோரிடா அக்கா:

உங்களுக்கெல்லாம் 26, 40, குடுத்து வெச்சவங்க. எங்களுது 14 மாடி காண்டோ, 180 யூனிட், கடலோரம். லிஃப்ட், ஃபயர் பம்ப், கராஜ், நாங்களேன்னு யோசிக்கவே முடியாது, முழுநேரம் மேனேஜர் ஆபீஸ் போட்டு உக்காந்திருக்கணும். இங்க பத்து யூனிட்டுக்கு மேலயோ வருஷ பட்ஜெட் லட்சம் டாலருக்கு மேலயோ போனா, சம்பளம் வாங்கிட்டு மேனேஜ் பண்றவங்களுக்கு ஸ்டேட் லைசென்ஸ் வேணும். கலிஃபோர்னியால அது கட்டாயம் இல்லன்னு என் தங்கச்சி சொன்னப்ப நான் நம்பல.

எங்க கஷ்டம் வேற. 2021ல இங்க ஃப்ளோரிடாவுல சர்ஃப்சைட்ல காண்டோ கட்டடம் இடிஞ்சு 98 பேர் போனாங்களே, அதுக்கு முன்னாடி வருஷா வருஷம் ரிசர்வ் வேணாம்னு ஓட்டு போட்டு மாசப்பணத்த கம்மியாவே வெச்சிருந்தோம், எனக்கும் அப்ப சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். இப்ப கூரை, தூண், வாட்டர்ப்ரூஃபிங் மாதிரி விஷயத்துக்கு அப்படி தள்ளிவிட முடியாதபடி சட்டம் வந்துடுச்சு. மாசப்பணம் ஏறினதும் எல்லாரும் மேனேஜரப் போய் திட்டினாங்க. அந்த மனுஷன் ஏழு வருஷம் இருந்தவர், எந்தக் குழாய் எங்க போகுதுன்னு கண்ண மூடிட்டு சொல்லுவார், ராஜினாமா பண்ணிட்டார். கம்பெனி அதே கம்பெனிதான், லோகோ மாறல, ஆனா எங்களுக்கு எல்லாமே போச்சு.

எட்டு வீடு போதும்:

நான் மாத்தி சொல்றேன். எங்களுது மொத்தமே எட்டு வீடு, நாங்களேதான், ஆளுக்கு ஒரு வருஷம் ட்ரெஷரர், கணக்கு ஒரு ஷீட்டு. பணத்துல ஒரு பிரச்சனையும் வந்ததில்ல. ஆனா குப்பத்தொட்டிய வெளியவே விட்டுட்டுப் போற ஆளுக்கு யார் லெட்டர் குடுக்கறது? போன வருஷம் நான் குடுத்தேன். பத்து வருஷ ஃப்ரெண்டு, என் பையன அவங்க வீட்லதான் விட்டுட்டு வேலைக்குப் போவேன். இப்ப ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவர்ற பாட்லக்ல கூட எதிர் மூலைல உக்கார்றாங்க. லெட்டர் மட்டும் அனுப்பறதுக்கு யாராவது கம்பெனி இருந்தா பக்கத்துக்கு எவ்ளோ கேட்டாலும் குடுத்துடலாம்னு தோணுது.

இருபத்தாறுல ஒண்ணு:

எட்டு வீட்டுக்காரரே, அது நியாயம்தான், எங்க கணக்கு கம்பெனிகிட்டயே அந்த லெட்டர் வேலையும் குடுத்திருக்கோம், ஒரு லெட்டருக்கு இவ்ளோன்னு. திட்டு அவங்களுக்குப் போயிடும்.

இன்பாக்ஸ்ல ஒருத்தர் கேட்டிருந்தார், இன்டர்வியூ பண்ணும்போது என்ன கேக்கறதுன்னு. நாங்க ரெண்டாவது தடவ கேட்டது: சேல்ஸ் ஆள் வேணாம், எங்களப் பாக்கப்போறவர கூட்டிட்டு வாங்க, அவர் கையில எத்தன கம்யூனிட்டி இருக்கு. கட்டண அட்டவணைய முதல்லயே குடுங்க. விட்டுட்டுப் போனா கணக்க எந்த ஃபைல்ல குடுப்பீங்க. தானா ரினியூ ஆகற வரிய அடிச்சுடுங்க. இந்தக் கடைசிக்கு ரெண்டு கம்பெனி மூஞ்ச சுளிச்சாங்க, ஒருத்தங்க அடிச்சுட்டாங்க.

அப்புறம் அந்த ஒம்போது பெட்டி. போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு மூணாவது பிளாக்ல பைப் வெடிச்சு தண்ணி வீட்டுக்குள்ள வருது, எந்த வால்வ மூடறதுன்னு யாருக்கும் தெரியல, பெட்டிய ஒண்ணொண்ணா கவுத்தோம். ஆறாவது பெட்டில ஒரு கிராஃப் பேப்பர், அந்தப் பெரியவர் பென்சில்ல வரைஞ்சது, 26 வீட்டு வால்வும் எந்தச் செடிக்குப் பின்னாடி எத்தன அடில இருக்குன்னு. செடி பாதி இப்ப இல்ல. அடிக்கணக்கு சரியா இருந்துச்சு.